தண்டுவட அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் வருமா? கம்ப்யூட்டர் சொல்லும் சதவீதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஆபத்து ஒன்றும் இல்லையே?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு சதவீதத்தைப் பதிலாகக் கொடுக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மெஷின் லேர்னிங், ஏஐ என்ற பெயர்களோடு வருவதால் சிலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள், சிலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நோயாளியின் வீட்டார், முதுநிலை மருத்துவ மாணவர்கள், டேட்டா சயின்ஸ் படிப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகளைக் கலந்தே கொடுத்திருக்கிறேன். வேண்டாததைத் தாண்டிப் போங்கள். இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் எம்ஆர்ஐயைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கான ஆலோசனை.

சிக்கல் என்று எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள்?

இதில்தான் பாதிக் குழப்பம். காயத்தில் சீழ் பிடிப்பது, காலில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போவது, நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மாரடைப்பு போன்றவை எந்தப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம். தண்டுவடத்துக்கே உரியவை வேறு: நரம்பைச் சுற்றியிருக்கும் டியூரா உறை கிழிந்து நீர் கசிவது, கால் பலவீனமாவது, ஸ்குரூ சரியான இடத்தில் உட்காராதது, ஃபியூஷன் (எலும்புகளைச் சேர்த்து ஒட்டவைப்பது) செய்த எலும்பு ஒட்டாமல் போவது, ஃபியூஷனுக்கு மேலேயோ கீழேயோ உள்ள டிஸ்க் சில ஆண்டுகளில் கெடுவது.

இவற்றில் சில ஆபரேஷன் மேஜையிலேயே தெரிந்துவிடும். சீழ் சில வாரங்களில் தெரியும். எலும்பு ஒட்டவில்லை என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். ஆகவே "சிக்கல் வர 12 சதவீத வாய்ப்பு" என்று ஒரு மாடல் (கணிக்கும் மென்பொருள்) சொன்னால், எந்தச் சிக்கல், எத்தனை நாளுக்குள் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சிறுநீர்த் தொற்றையும் மரணத்தையும் ஒரே கூடையில் போட்டு "ஏதாவது ஒரு சிக்கல்" என்று கணித்த ஆய்வுகளும் உண்டு. ஆராய்ச்சியாளருக்கு அது வசதி, எண்ணிக்கை கூடும். நோயாளிக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை.

மாடல் அப்படி என்னதான் செய்கிறது?

ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்த ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களைப் பார்க்கிறது. வயது, எடை, சுகர், பிரஷர், புகைப்பழக்கம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எத்தனை எலும்புகளைச் சேர்த்து ஃபியூஷன், முதல் ஆபரேஷனா மறு ஆபரேஷனா, இப்படி. ஒவ்வொருவருக்கும் கடைசியில் என்ன ஆனது என்பதும் அதில் இருக்கும். எந்த விவரக் கலவையோடு எந்த முடிவு அதிகம் சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. புது நோயாளியின் விவரத்தைக் கொடுத்தால், அவரைப் போன்றவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு அந்தச் சிக்கல் வந்தது என்பதைச் சொல்கிறது.

அவ்வளவுதான். உங்கள் உடம்பையோ, உங்கள் சர்ஜனின் கையையோ அது பார்க்கவில்லை. ஒரு கூட்டத்தின் சராசரியில் உங்களை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்கிறது.

ஏஐ வருவதற்கு முன்னால் இதெல்லாம் இல்லையா?

இருந்தது. மயக்க மருத்துவரிடம் "ஃபிட்னஸ்" வாங்கும்போது அவர் உங்களை ஒரு ஏஎஸ்ஏ வகையில் போடுவார். அமெரிக்க மயக்க மருத்துவர்கள் 1941இல் தொடங்கிய முறை அது. ஆரோக்கியமானவர் 1, கட்டுக்குள் இருக்கும் நோய் உள்ளவர் 2, இப்படி மேலே போகும். ஒரு நிமிட வேலை. இன்றைக்கும் பல புது மாடல்கள் இதைத்தான் எதிராளியாக வைத்துத் தங்களை நிரூபித்துக்கொள்கின்றன.

பெரிய அளவில் கணக்கு எடுப்பது தொடங்கியதற்குப் பின்னால் ஓர் அரசியல் கதை இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை மரணங்கள் அதிகம் என்ற புகார் எழுந்தது. அந்த முடிவுகளை நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 1985இல் சட்டம் போட்டது. ஒப்பிட வேண்டுமானால் நோயாளி எவ்வளவு நோய்வாய்ப்பட்டு வந்தார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டுமே? அப்படி ஒரு சராசரி அப்போது எங்குமே இல்லை. அதனால் 1991இல் 44 மருத்துவமனைகளில் ஒரே மாதிரியாக விவரம் சேகரிக்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி இன்று நடத்தும் என்எஸ்க்யூஐபி என்ற தரவுத்தொகுப்பு. தண்டுவட அறுவை சிகிச்சை பற்றிய மெஷின் லேர்னிங் கட்டுரைகளில் ஏராளமானவை இதை வைத்து எழுதப்பட்டவை.

அந்தத் தொகுப்பில் அப்படி என்ன விசேஷம்? என்ன குறை?

விசேஷம், பயிற்சி பெற்ற ஆட்கள் நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படித்து, ஒரே வரையறையின்படி பதிவு செய்கிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் 30 நாள் வரை என்ன ஆனது என்று விசாரிக்கிறார்கள். காப்பீட்டு பில்லில் இருந்து உருவாக்கும் தொகுப்புகளைவிட இது எவ்வளவோ மேல். பில் போடுகிறவர் பணத்துக்காக எழுதுகிறார், நோய்க்காக அல்ல.

குறையும் அந்த 30 நாளில்தான். 31ஆம் நாள் சீழ் வந்தால் அந்த நோயாளி "சிக்கல் இல்லாதவர்". எலும்பு ஒட்டாதது, ஸ்குரூ தளர்ந்தது, ஒரு வருடம் கழித்தும் வலி போகாதது எதுவும் அதில் வராது. டியூரா கிழிசல் போன்ற தண்டுவடத்துக்கே உரிய சிக்கல்களைப் பதிவு செய்யும் நோக்கத்தில் அது கட்டப்படவும் இல்லை. எல்லா அறுவை சிகிச்சைகளுக்கும் பொதுவானது அது.

எம்ஆர்ஐயில் தெரிபவையும் அதில் கிடையாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை ஆய்வாளர்கள் 1,124 நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: ஆபரேஷனுக்கு முன்பே எம்ஆர்ஐயில் டிஸ்க்கை ஒட்டிய எலும்புத் தட்டுகள் மோசமாகச் சிதைந்திருந்தாலும், மோடிக் மாற்றங்கள் எனப்படும் நிற மாறுதல் இருந்தாலும், பிறகு தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வயதும் எடையும் சுகரும் மட்டும் அறிந்த மாடல், எத்தனை லட்சம் பேரைப் படித்திருந்தாலும் இதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அல்காரிதம் புதிதா பழையதா என்று விவாதிப்பவர்கள், எந்த விவரம் சேகரிக்கப்படவே இல்லை என்று முதலில் பார்த்தால் நல்லது.

"97 சதவீதம் துல்லியம்" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியென்றால் நம்பலாமே?

ஒரு கணக்கு போடுவோம். 1,000 பேருக்கு ஆபரேஷன், அதில் 30 பேருக்குக் காயத்தில் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். "யாருக்குமே தொற்று வராது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கு 970 பேர் விஷயத்தில் சரி, அதாவது 97 சதவீதம் துல்லியம். ஒரு நோயாளியைக்கூட அது காப்பாற்றவில்லை.

சரி, கொஞ்சம் நல்ல மாடலை எடுப்போம். தொற்று வரப்போகிறவர்களில் 70 சதவீதத்தைப் பிடிக்கிறது, வராதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. அப்படியானால் 30 பேரில் 21 பேரைப் பிடிக்கும், 9 பேரைத் தவறவிடும். வராத 970 பேரில் 194 பேரையும் "ஆபத்து" என்று சொல்லும். ஆக 215 பேருக்கு எச்சரிக்கை, அதில் உண்மையாகவே தொற்று வருவது 21 பேருக்கு. பத்தில் ஒன்று. கேட்க மோசமாக இருக்கிறதா? எச்சரிக்கைக்குப் பிறகு செய்யப்போவது சுகரைச் சரிசெய்வதும் காயத்தைக் கூடுதலாகக் கவனிப்பதும் என்றால் இது தாராளமாகப் போதும். அதே எச்சரிக்கையை வைத்து ஆபரேஷனே வேண்டாம் என்று மறுக்கப் போகிறார்கள் என்றால் இது கொடுமை. மாடல் நல்லதா கெட்டதா என்பது அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

உண்மை ஆய்வு ஒன்றிலும் இதே பாடம் இருக்கிறது. பெரியவர்களுக்கு வளைந்த முதுகை நிமிர்த்தும் ஆபரேஷன்கள் பற்றி 2017இல் வந்த ஒரு மாடல், 557 நோயாளிகளை வைத்து, பெரிய சிக்கல் வருமா என்பதை 87.6 சதவீதம் துல்லியமாகச் சொன்னது. நல்ல வேலைதான். ஆனால் அந்த 557 பேரில் 409 பேருக்குப் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. எல்லாருக்கும் "வராது" என்றாலே 73 சதவீதம் கிடைத்திருக்கும். 87.6ஐ 73உடன் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது?

இரண்டு. முதலாவது ஏயுசி என்று கட்டுரைகளில் வரும். சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் எடுத்தால், வந்தவருக்கே மாடல் அதிக ஆபத்து கொடுத்திருக்க எத்தனை வாய்ப்பு என்பதுதான் அது. 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவதற்குச் சமம், 1 என்றால் ஒரு தவறும் இல்லை.

இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். "10 சதவீதம்" என்று மாடல் சொன்ன நூறு பேரை எடுத்தால் அதில் சுமார் பத்துப் பேருக்கு உண்மையிலேயே வந்ததா? இதைக் காலிபரேஷன் என்பார்கள். வகுப்பில் முதல் மாணவன் யார், கடைசி மாணவன் யார் என்று சரியாக வரிசைப்படுத்திவிட்டு, எல்லாருக்கும் இருபது மார்க் கூடப் போட்டுவிடும் வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை சரி, மார்க் தப்பு. ஏயுசி வரிசையை மட்டும் பார்க்கும். நோயாளியிடம் சொல்லப்படுவது மார்க்.

ஒரு கட்டுரையில் ஏயுசி மட்டும் இருந்து காலிபரேஷன் வரைபடம் இல்லையென்றால், அதை வைத்து யாரிடமும் சதவீதம் சொல்லாதீர்கள்.

நியூரல் நெட்வொர்க், எக்ஸ்ஜிபூஸ்ட் எல்லாம் பழைய புள்ளியியலைவிட உசத்திதானே?

இவை இரண்டும் மெஷின் லேர்னிங் முறைகள். எதிர்பார்ப்பு அப்படித்தான் இருந்தது. என்எஸ்க்யூஐபியின் 22,629 கீழ்முதுகு ஃபியூஷன் நோயாளிகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நியூரல் நெட்வொர்க்கும், லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற பழைய புள்ளியியல் முறையும் இரண்டுமே ஏஎஸ்ஏ வகையை முந்தின. ஆனால் ஒன்றையொன்று வெகுதூரம் முந்தவில்லை. மருத்துவக் கணிப்பு மாடல்கள் பற்றிய 71 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வந்த அலசல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒப்பீடுகளில் மெஷின் லேர்னிங்குக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இருபது முப்பது விவரங்கள், அதிலும் பாதி ஆம்/இல்லை வகை. அதில் ஒளிந்திருக்கும் நுட்பம் கொஞ்சம்தான். படங்கள், ஐசியூ மானிட்டரில் நொடிக்கு நொடி வரும் அளவுகள் என்று போனால் கதை வேறு.

டேட்டா மலைபோல் குவியும்போதும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. அறுவை மருத்துவர் கல்லூரியின் இணையக் கணிப்பான் 2013இல் 393 மருத்துவமனைகளின் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து, 21 விவரங்களோடு, பழைய ரிக்ரெஷன் முறையில்தான் தொடங்கியது. பிறகு சுமார் 50 லட்சம் பதிவுகளில் எக்ஸ்ஜிபூஸ்ட்டைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். முன்னேற்றம் இருந்தது. தலைகீழ் மாற்றம் ஒன்றும் இல்லை.

பழைய டேட்டாவில் நன்றாகச் சொன்ன மாடல், நேரில் வரும் நோயாளிக்கும் அப்படியே சொல்லுமா?

பெரும்பாலும் கொஞ்சம் சறுக்கும், சில சமயம் நிறையவே.

ஸ்டான்ஃபோர்ட் குழுவினர் 279,135 நோயாளிகளின் பழைய பதிவுகளில் இருந்து தண்டுவடத்துக்கென்றே ஒரு கணிப்புக் கருவியை உருவாக்கினார்கள். பிறகு புதிதாக ஆபரேஷனுக்கு வந்த 246 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ஏயுசி 0.67. அதே நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட அறுவை மருத்துவர் கல்லூரியின் பொதுக் கணிப்பானும் ஏறத்தாழ அதே 0.67. தோல்வி என்று சொல்ல முடியாது. காசு சுண்டுவதைவிட மேல், ஜோசியத்தைவிடவும் மேல். ஆனால் ஒரு தனி மனிதரின் தலைவிதியைச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே அந்தக் குழுவை எனக்குப் பிடிக்கும்.

தண்டுவடத்துக்கு வெளியே இன்னும் பெரிய பாடம் உண்டு. செப்சிஸ் எனும் தீவிரத் தொற்றை முன்கூட்டிச் சொல்ல எபிக் நிறுவனம் செய்த மாடல், அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனம் சொன்ன ஏயுசி 0.76 முதல் 0.83 வரை. மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் தனியாகச் சோதித்து 2021இல் வெளியிட்டபோது வந்தது 0.63. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கவனிக்கவே இல்லை.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. தண்டுவடத்துக்குப் பரவிய புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தால் நோயாளி 90 நாள், ஒரு வருடம் இருப்பாரா என்பதைச் சொல்ல பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த எஸ்ஓஆர்ஜி குழு மாடல்கள் செய்தது. பிறகு அவை வேறு அமெரிக்க மருத்துவமனையிலும், தைவானிலும் சோதிக்கப்பட்டன. இந்த ஆபரேஷனில் கேள்வியே வேறு. மிச்சமிருக்கும் நாட்கள் சில வாரங்கள்தான் என்றால் பெரிய ஃபியூஷன் செய்து அதில் பாதியைப் படுக்கையில் கழிக்க வைப்பது நியாயமா? இப்படி முடிவோடு நேராக இணைந்த கணிப்புக்குத்தான் உண்மையில் தேவை இருக்கிறது.

சரி, அமெரிக்கக் கணிப்பானில் நான் என் அப்பாவின் விவரத்தைப் போட்டுப் பார்க்கலாமா?

போடலாம். இணையத்தில் இலவசம்தான். ஆனால் வரும் எண்ணை அமெரிக்க மருத்துவமனையில் அமெரிக்க நோயாளிக்கு என்ன ஆகும் என்பதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசங்கள் சின்னவை அல்ல. ஆசிய உடல்வாகில் எடை குறைவாக இருக்கும்போதே சுகரும் இதய நோயும் வந்துவிடுகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23, 27.5 ஆகிய அளவுகளிலேயே கவனம் வேண்டும் என்றது. பிஎம்ஐ 26 என்று போட்டால் அந்த மாடலுக்கு அது கிட்டத்தட்டச் சாதாரண ஆள். இன்னொன்று, முதுகெலும்புக் காசநோய். நம் ஊர் தண்டுவட வார்டுகளில் இது அன்றாடம். அமெரிக்கத் தொகுப்பில் தேட வேண்டியிருக்கும். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை நாள் வார்டில் வைத்திருப்பார்கள், மறுபடி வர பஸ் வசதி உண்டா என்பதெல்லாம்கூடச் சிக்கல் கணக்கை மாற்றும். "30 நாளில் மீண்டும் அட்மிஷன்" என்ற எண்ணை வேறொரு நாட்டில் இருந்து இறக்குமதி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்வீடனின் தேசியத் தண்டுவடப் பதிவேடான ஸ்வெஸ்பைன், டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பார்க்கும்படி இணையத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறது. சிக்கலை மட்டும் சொல்லாமல், வலி குறையுமா, திருப்தி இருக்குமா என்பதையும் அது சொல்ல முயல்கிறது. நோயாளி கேட்பதும் அதைத்தானே. அதுவும் ஸ்வீடன் நாட்டவர் டேட்டாதான்.

தமிழ்நாட்டில் இப்படி முன்கூட்டிச் சொல்லும் வேலை நடந்திருக்கிறதா?

கம்ப்யூட்டரே இல்லாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இது ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல் பற்றியது அல்ல. ஆனால் கணிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதுகெலும்புக் காசநோய் வந்த குழந்தைகளுக்கு மருந்தில் நோய் குணமான பிறகும், சிலருக்கு மட்டும் வளர வளரக் கூன் மோசமாகிக்கொண்டே போகும். யாருக்கு? கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன், மருந்து மட்டுமே எடுத்த 61 குழந்தைகளின் 15 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும் நான்கு அறிகுறிகளை 2001இல் வெளியிட்டார். பின்பக்க மூட்டுகள் விலகியிருப்பது, எலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டிருப்பது, பக்கவாட்டில் நகர்ந்திருப்பது, மேல் எலும்பு கவிழ்ந்திருப்பது. இரண்டுக்கு மேல் இருந்தால் கூன் விழும் ஆபத்து அதிகம், முன்னதாகவே ஆபரேஷனை யோசிக்க வேண்டும்.

61 பேர்தான். அல்காரிதம் என்று ஒன்றும் இல்லை, கூட்டல் மட்டும். ஆனால் 15 வருடம் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள், கேள்வி தெளிவாக இருந்தது, பதில் தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருந்தது. லட்சம் பேரை 30 நாள் பார்த்த டேட்டா இதற்கு ஈடாகாது.

மாடல் ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்க முடியுமா?

ஓரளவுக்கு. எந்த விவரம் ஆபத்தை எவ்வளவு ஏற்றியது என்று பிரித்துக் காட்டும் ஷாப் போன்ற முறைகள் 2017இல் இருந்து பிரபலம். "வயது 4 சதவீதம் ஏற்றியது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தது 3 சதவீதம் ஏற்றியது" என்பதுபோல் வண்ணப் பட்டைகளாக வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது மாடலின் மனதை விளக்குகிறதே தவிர, உடம்பை விளக்கவில்லை.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1990களில் நிமோனியா நோயாளிகளின் டேட்டாவில் பயிற்றுவித்த மாடல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இறக்கும் ஆபத்து குறைவு என்று கற்றுக்கொண்டது. டேட்டாவில் அப்படித்தான் இருந்தது. ஏனென்றால் ஆஸ்துமாக்காரர் நிமோனியாவோடு வந்தால் நேரே ஐசியூவுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தக் கவனிப்பில் பிழைத்துக்கொள்வார்கள். மாடலை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்போ சுகரைக் குறைத்தால், சிகரெட்டை விட்டால் என் சதவீதம் உண்மையிலேயே குறையுமா?

கட்டத்தில் எண்ணை மாற்றிப்போட்டால் திரையில் குறையும். உடம்பில் குறையுமா என்பதற்கு மாடல் சாட்சி அல்ல. மேலே சொன்ன ஆஸ்துமா கதைதான் காரணம். கட்டுப்பாடில்லாத சுகர் தொற்றை வளர்க்கும், புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதற்கு மருத்துவத்தில் தனியாக ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரத்துக்காகச் செய்யுங்கள். வயது போன்ற மாற்ற முடியாதவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. சுகர், புகை, ரத்தசோகை, சத்துக்குறைவு ஆகிய நான்கையும் ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் கவனித்துக்கொள்ளலாம். அவசர ஆபரேஷன் என்றால் அதற்கு நேரம் இருக்காது. சிறுநீர் அடைத்துக்கொண்டது, கால் வேகமாகப் பலமிழக்கிறது என்றால் கணிப்பானைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஓடுங்கள்.

அதிக ஆபத்து என்று காட்டினால் ஆபரேஷன் செய்ய மறுத்துவிடுவார்களா?

இந்தப் பயம் நியாயமானது. சர்ஜனின் தரத்தைச் சிக்கல் எண்ணிக்கையை வைத்து அளக்கும் இடங்களில், சிக்கலான நோயாளியைத் தட்டிக்கழிக்க ஒரு சதவீதம் நல்ல சாக்காகிவிடும். காப்பீட்டுக்காரர் கையில் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

எதைக் கணிக்கிறோம் என்பதிலேயே அநியாயம் புகுந்துவிடலாம். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு தேவைப்படுபவரைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட ஒரு மென்பொருள், நோயின் தீவிரத்துக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது நினைத்தது. 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, அந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்தில் இருந்து 46.5 சதவீதமாக உயரும். செலவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத ஏழைகள் இருக்கும் எந்த ஊரிலும் இதே கோளாறு வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் மருத்துவத்தில் ஏஐ பயன்பாட்டுக்கான நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. பொறுப்பு மனிதரிடம் இருக்க வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பவை அதில் உண்டு.

டாக்டரிடம் நான் என்ன கேட்பது?

அவர் ஒரு சதவீதம் சொன்னால், இது எந்தச் சிக்கலுக்கு, எத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள். "இங்கே, நீங்கள் ஆபரேஷன் செய்த நோயாளிகளில் எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள், தப்பில்லை. அப்புறம் முக்கியமானது: ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எந்தக் கணிப்பானும் இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்காது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் டேட்டா மட்டுமே அதனிடம் இருக்கிறது.

சாட்ஜிபிடியிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துக் கேட்டால்?

ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளைப் புரிந்துகொள்ள உதவும். அது சொல்லும் சதவீதத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நோயாளிகளின் பதிவேட்டில் சோதித்து, காலிபரேஷன் பார்த்து வந்த எண் அல்ல.

நான் மாணவன். இதில் புராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கே தடுக்கி விழுவேன்?

மூன்று இடங்களில் பெரும்பாலும் விழுகிறார்கள்.

முதலாவது, எதிர்காலம் டேட்டாவுக்குள் கசிவது. ஆபரேஷனுக்கு முன்பே கணிக்கும் மாடல் என்று தலைப்பு வைத்துவிட்டு, ஆபரேஷன் எத்தனை மணி நேரம் நடந்தது, ரத்தம் ஏற்றினார்களா, எத்தனை நாள் தங்கினார் என்பதையெல்லாம் உள்ளே கொடுத்துவிடுவார்கள். சிக்கல் வந்தவர் அதிக நாள் தங்கத்தானே செய்வார்! ஏயுசி 0.95 வரும், கைடும் மகிழ்வார். டேட்டா அட்டவணையின் ஒவ்வொரு பத்தியையும் எடுத்து, "இந்த விவரம் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை எனக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, சிக்கல் வந்தவர்கள் குறைவு என்பதற்காக ஸ்மோட் போன்ற முறையில் செயற்கை நோயாளிகளை உருவாக்கி இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது. இதனால் மாடல் எல்லாருக்கும் ஆபத்தை ஊதிப் பெருக்கிச் சொல்லும், காலிபரேஷன் கெடும் என்று 2022இல் ஓர் ஆய்வு தெளிவாகவே காட்டியிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு, எச்சரிக்கை கொடுக்கும் எல்லையை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, டேட்டாவைக் குலுக்கிப் பிரித்துச் சோதிப்பதோடு நிறுத்திவிடுவது. முந்தைய ஆண்டுகளில் பயிற்றுவித்து, பிந்தைய ஆண்டுகளில் சோதியுங்கள். முடிந்தால் வேறு மருத்துவமனையில் சோதியுங்கள். எழுதும்போது கணிப்பு மாடல் கட்டுரையில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும், 2024இல் வந்த டிரைபாட் பிளஸ் ஏஐ பட்டியலின் 27 அம்சங்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரெஷனையும் கட்டாயம் போடுங்கள். அதைத் தாண்டவில்லையென்றால் அதையே எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

டேட்டா எங்கே கிடைக்கும்?

என்எஸ்க்யூஐபி தொகுப்பு அதில் பங்கேற்கும் மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இங்கே இருப்பவருக்கு நல்ல வழி, உங்கள் துறையிலேயே தொடங்குவது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். பெயரையும் போன் நம்பரையும் நீக்குங்கள். எதைச் சிக்கல் என்று சொல்வது என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். எம்ஆர்ஐ விவரத்துக்கும் காசநோய்க்கும் தனிப் பத்திகள் வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து நோயாளிக்குப் போன் செய்ய ஓர் ஆளை நியமியுங்கள். செலவும் சிரமமும் அங்கேதான், மாடல் ஓட்டுவது ஒரு மத்தியான வேலை.